விலங்குச் சோதனையை நாளைக்கே நிறுத்தினால் என்ன ஆகும்?

உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உறுப்புச் சில்லு, ஆர்கனாய்டு, கணினி மாதிரி எல்லாம் வந்துவிட்டதாக வகுப்பில் சொல்கிறார்கள். அப்படியானால் இன்னும் ஏன் எலியிலும் நாயிலும் குரங்கிலும் மருந்தைச் சோதிக்கிறார்கள்? நாளைக்கே நிறுத்தினால் என்ன ஆகும்? விலங்கைத் தொடாமல் இந்தத் துறையில் வேலை செய்ய முடியுமா?" (உறுப்புச் சில்லு என்பது மனிதச் செல்களை வளர்த்து, பக்கத்தில் திரவத்தை ஓடவிடும் சிறு கருவி. ஆர்கனாய்டு என்பது ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி உறுப்புத் திசு.) மூன்று கேள்விகள். ஆனால் அவற்றுக்கு அடியில் அவர் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த விலங்குகள் சாவது இன்று உண்மையிலேயே தேவைதானா, இல்லை பழகிவிட்டதால் நடக்கிறதா?

ஒரு பகுதி தேவை, ஒரு பகுதி பழக்கம் என்பதுதான் என் பதில். எந்தப் பகுதி எது என்று பிரித்துக் காட்டினால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மருந்துப் பாதுகாப்பு ஆய்வில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் எலிகளோடு போயின. இரைப்பைக்குள் குழாய் விட்டு மருந்து செலுத்துவது, தினமும் எடை பார்ப்பது, கடைசி நாளில் உடலைத் திறந்து உறுப்புகளை எடுத்து வைப்பது. அதற்குப் பிறகு இன்றுவரை மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் மருந்தைச் சோதிக்கும் வேலை. ஆகவே கல்லீரல் பற்றியும் நச்சுத்தன்மை பற்றியும் நான் சொல்வதை என் கையால் செய்து பார்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மூளை, நடத்தை, கர்ப்பகால ஆய்வு பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் அத்துறையில் இருப்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் இந்தச் சோதனைகள் சட்டத்துக்குள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைக் குடிக்கும் திரவமாக விற்றார்கள். மருந்து பழையது, பிரச்சினை இல்லாதது. அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைகால் என்ற திரவத்தைச் சேர்த்திருந்தார்கள். அது சிறுநீரகத்தை அழிக்கும் விஷம். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். விற்பதற்கு முன் அந்தக் கலவையை யாரும் ஒரு விலங்குக்குக்கூடக் கொடுத்துப் பார்த்திருக்கவில்லை. மறு ஆண்டே, மருந்து பாதுகாப்பானது என்று காட்டிய பிறகுதான் விற்கலாம் என்று சட்டம் வந்தது. நாஜி மருத்துவர்கள் மனிதர்கள் மேல் செய்த கொடுமைகளுக்குப் பிறகு 1947இல் எழுதப்பட்ட நியூரம்பர்க் நெறிமுறையும், மனிதர்களிடம் ஒரு சோதனை செய்யும் முன் விலங்குகளில் கிடைத்த முடிவுகள் அடிப்படையாக இருக்க வேண்டும் என்றது. இரண்டு விதிகளும் மனிதர்கள் செத்த பிறகு, இனி சாகக் கூடாது என்று எழுதப்பட்டவை. இதை மறந்துவிட்டு மாற்று வழிகளைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'விலங்குச் சோதனை' என்று ஒரே பெயரில் சொல்வதால் அது ஒரே வேலை போலத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குள் நூற்றுக்கணக்கான வேறு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்த ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் அசுத்தம் இருக்கிறதா? இந்தப் பொருள் கண்ணை எரிக்குமா? இந்த மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டால் கல்லீரல் தாங்குமா? கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்குமா? இவற்றுக்கெல்லாம் ஒரே மாற்று வராது. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகத்தான் வரும். கேள்வி எவ்வளவு குறுகலாகவும் தெளிவாகவும் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் விலங்கை விடுவிக்கலாம். நான் இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் கடைசியில் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டு, சில நாள் கழித்து அதைக் கொன்று சினைப்பையைப் பார்த்தார்கள். பிறகு முயல் வந்தது. 1930களில் ஆப்பிரிக்க நகத் தவளை வந்தது. சிறுநீரை ஊசியில் செலுத்தினால் பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும், தவளையைக் கொல்லவும் வேண்டாம். அப்போது அதுவே பெரிய முன்னேற்றம். இந்த விலங்குகள் எல்லாமே ஒரே ஒரு ஹார்மோன் இருக்கிறதா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம். அந்த ஹார்மோனை அதை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை 1960களில் கைக்கு வந்ததும் தவளைக்கு வேலை இல்லாமல் போனது. இன்று குளியலறையில் ஒரு பட்டையில் இரண்டு கோடு பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தவளை தெரியும்? இன்சுலினிலும் இதே கதைதான். ஒரு புட்டியின் வீரியத்தை முயலின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் முன்பு அளந்தார்கள். இப்போது கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபி இயந்திரம் அதைவிடத் துல்லியமாக அளக்கிறது.

காய்ச்சல் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு விலங்கை விடுவிப்பது எப்படி நடக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. ஊசி மருந்தில் பாக்டீரியாவின் துணுக்குகள் இருந்தால் நோயாளிக்குக் கடும் காய்ச்சல் வரும், உயிரும் போகலாம். 1940களிலிருந்து முயலின் காதிலுள்ள இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தி, மணிக்கணக்கில் அதன் உடல் வெப்பத்தைப் பார்த்துவந்தார்கள். பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிரெடரிக் பேங்கும் ஜாக் லெவினும் குதிரைலாட நண்டின் நீல இரத்தம் இந்தத் துணுக்குகள் பட்டதும் உறைவதைக் கண்டார்கள். அதிலிருந்து வந்த சோதனை ஏராளமான முயல்களைக் காப்பாற்றியது. ஆனால் நண்டுகளைப் பிடித்து இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, அதில் ஒரு பகுதி இறந்தும் போகிறது. ஒரு விலங்கின் பாரம் இன்னொரு விலங்கின் தலையில் ஏறியது, அவ்வளவுதான். அப்புறம் சிங்கப்பூரில் ஒரு குழு அந்த உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. இப்போது அந்தப் புரதத்தை நண்டே இல்லாமல் ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். இதற்கு இணையாக, மனித இரத்தத்தின் வெள்ளணுக்களிலேயே மருந்தை விட்டு அவை காய்ச்சல் சமிக்ஞையை வெளியிடுகின்றனவா என்று பார்க்கும் முறையும் வந்தது. இது இன்னும் நேரானது, காய்ச்சல் வரப்போவது மனிதனுக்குத்தானே. ஐரோப்பிய மருந்தியல் தரநூல் அந்த முறையை 2010இல் சேர்த்தது. ஆனால் முயல் சோதனையைத் தன் பக்கங்களிலிருந்து நீக்கும் முடிவை 2024இல்தான் எடுத்தது, 2025 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. மாற்று முறை புத்தகத்தில் ஏறிய பிறகும் பழையது இறங்கப் பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் செத்த முயல்களைப் பழக்கத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இதே வரிசையில் வேறு சிலவும் உண்டு. பாதி விலங்குகள் சாகும் அளவு எது என்று கண்டுபிடிக்கும் 1927ஆம் ஆண்டின் பழைய சோதனையை, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2002இல் தன் வழிகாட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது. முயலின் கண்ணில் பொருளை ஊற்றிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் கருவிழித் திசு போன்ற அடுக்குகளைப் பல தேவைகளுக்கு ஏற்கிறார்கள். தோல் எரிச்சலுக்கும் அப்படியே. பொடுலினம் நச்சின் வீரியத்தைச் சுண்டெலிகளின் சாவால் அளந்த இடத்தில் செல் முறை ஒன்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் ஒரு தயாரிப்புக்கு ஏற்றது. இவை நிச்சயமான வெற்றிகள், இவற்றில் விவாதமே வேண்டாம்.

அடுத்து, விலங்குகளே தவறான பதில் சொன்ன இடங்கள். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்தை ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் தொந்தரவில்லாமல் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அறுவரின் நோய் எதிர்ப்பு மண்டலமும் கட்டுமீறிக் கிளம்பி, உறுப்புகள் செயலிழந்து, தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. அந்த மருந்து பிடிக்க வேண்டிய புரதம், நோய் எதிர்ப்பு அணுக்களான மனித நினைவு டி செல்களின் ஒரு வகையில் இருக்கிறது, சோதித்த குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. குரங்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் அந்தப் பதில் இல்லவே இல்லை. பின்னர் மனித இரத்த அணுக்களை வைத்து, மருந்தைத் தட்டில் ஒட்டவைத்துச் சோதித்தபோது அந்த ஆபத்து வெளிப்பட்டது. சரியான முறையில் கேட்டிருந்தால் ஒரு பிளாஸ்டிக் தட்டு முன்கூட்டியே எச்சரித்திருக்கும்.

என் துறைக்கு நெருக்கமானது 1993இல் நடந்தது. ஹெபடைடிஸ் பி நோய்க்காக ஃபயலூரிடின் என்ற மருந்தைப் பதினைந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். சுண்டெலி, எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் அதற்கு முன் சோதித்திருந்தார்கள். வாரங்கள் கடந்தபின் ஏழு பேருக்குக் கல்லீரல் கெட்டது. ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவையால் பிழைத்தார்கள். மனிதச் செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இந்த மருந்தை ஏற்றிச்செல்லும் ஒரு கடத்திப் புரதம் உண்டு. சுண்டெலியில் அது மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்கார்வதில்லை. இந்த ஒரு வேறுபாடு பெரிய காரணம் என்று பிறகு தெரிந்தது. நான் எலியிலிருந்து மனிதச் செல்லுக்கு மாறியதற்கு இந்த மருந்தின் கதையைப் படித்ததும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட கதைகளை அடுக்கிவிட்டு 'பார், விலங்குச் சோதனை பயனற்றது' என்று முடித்துவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். 2000ஆம் ஆண்டில் பன்னிரண்டு மருந்து நிறுவனங்களின் தரவுகளைச் சேர்த்து ஒரு ஆய்வு வெளியானது. மனிதர்களில் நச்சுத்தன்மை காட்டிய 150 மருந்துப் பொருட்களைப் பார்த்தார்கள். எலி வகையும், நாய் அல்லது குரங்கும் சேர்ந்து, மனித நச்சுத்தன்மைகளில் 71 சதவீதத்தோடு ஒத்துப்போயின. எலி வகை மட்டும் என்றால் 43 சதவீதம். இந்த எண்களை இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்கின்றன. இரு தரப்பும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: இந்தக் கணக்குக்குள் வருவது மனிதர் வரை வந்த மருந்துகள் மட்டும். விலங்கிலேயே மோசமாகத் தெரிந்து குப்பைக்குப் போன பொருட்கள் மனிதனை என்ன செய்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அதில் எத்தனை நல்ல மருந்துகள் வீணாகப் போயின, எத்தனை விஷங்கள் தடுக்கப்பட்டன என்பது எப்போதும் இருட்டில்தான் இருக்கும். மனிதச் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தோல்வி முழுவதையும் எலியின் மேல் போடுவது நியாயமில்லை. நோயைப் பற்றி நாம் தவறாக ஊகித்ததும் அதில் பெரும் பங்கு.

இனி மாற்று வழிகள். கல்லீரலிலிருந்து தொடங்குகிறேன். மனிதக் கல்லீரல் செல்லைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், மருந்தை உடைக்கும் அதன் நொதிகள் சில நாட்களிலேயே மங்கிவிடும். பார்ப்பதற்குச் செல் உயிரோடு இருக்கும். கல்லீரல் வேலையை மட்டும் மறந்துபோயிருக்கும். அதனால்தான் பழைய செல் சோதனைகள், ஃபயலூரிடின் போல வாரக்கணக்கில் மெதுவாகக் கொல்லும் விஷங்களைத் தவறவிட்டன. செல்களை உருண்டையாகச் சேர்த்து வளர்ப்பது, வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஆர்கனாய்டு என்ற குட்டி உறுப்புத் திசு செய்வது, பக்கத்தில் திரவத்தை ஓடவிட்டு இரத்த ஓட்டம் போன்ற ஒன்றைத் தருவது, இவையெல்லாம் அந்த மறதியைத் தடுக்கத்தான். 2010இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் ஹுவும் இங்பரும் சுவாசிப்பது போல விரிந்து சுருங்கும் நுரையீரல் சில்லைச் செய்துகாட்டினார்கள். உறுப்புச் சில்லு என்ற பேச்சு பரவலானது அதற்குப் பிறகுதான். 2022இல் வந்த ஒரு கல்லீரல் சில்லு ஆய்வில், விலங்குச் சோதனையைத் தாண்டி வந்து பிறகு நோயாளிகளின் கல்லீரலைக் கெடுத்த மருந்துகளில் 87 சதவீதத்தைச் சில்லு பிடித்தது. கெடுதல் இல்லாத எதையும் அது தவறாகக் குற்றம் சாட்டவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மொத்தம் சோதித்தது 27 மருந்துகள், நடத்தியது அந்தச் சில்லைத் தயாரிக்கும் நிறுவனம். வேறு கைகள், வேறு செல்கள், வேறு மருந்துகளோடு இதே எண் திரும்ப வர வேண்டும். வரும் என்றுதான் நான் நம்புகிறேன், ஆனால் நம்பிக்கையை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

சில்லோடு தினமும் வேலை செய்யும்போது தெரியும் சங்கடங்கள் செய்திகளில் வருவதில்லை. ஒருமுறை எங்களிடம் வந்த ஒரு பொருள், சில்லில் எவ்வளவு கொடுத்தாலும் செல்லை ஒன்றும் செய்யவில்லை. சுத்தமான மருந்து என்று எழுதிவிட இருந்தோம். சக ஆய்வாளர் ஒருவர்தான், வெளியே வரும் திரவத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கலாம் என்றார். பெரும்பகுதி காணவில்லை. சில்லு செய்யப் பயன்படுத்தும் சிலிக்கோன் ரப்பர், எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் மருந்தும் செல்லுக்குப் போகாமல் சுவருக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து நான் எந்தச் சில்லு முடிவையும் வெளிவரும் திரவத்தின் அளவீடு இல்லாமல் நம்புவதில்லை. இன்னொன்று, செல் கொடுத்தவர்கள். ஒரு மனிதரின் கல்லீரல் செல் ஒரு மருந்துக்குச் சுருண்டுவிடும், அடுத்தவருடையது அசையாது. ஒருவரது செல்லை மட்டும் வைத்துக்கொண்டு 'மனிதனுக்குப் பாதுகாப்பானது' என்று எழுத முடியாது. அதே சமயம் அந்த வேறுபாடுதான் இந்த முறையின் செல்வமும்கூட. ஒன்றைப் போலவே இன்னொன்றாகப் பிறந்த ஆய்வக எலிகளில் அந்த வேறுபாட்டைப் பார்க்கவே முடியாது. நுரையீரலில் சளி கெட்டியாகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் மலக்குடலிலிருந்து சிறு திசு எடுத்து ஆர்கனாய்டு வளர்த்து, எந்த மருந்தில் அது வீங்குகிறது என்று பார்த்து, அந்த நோயாளிக்கு அந்த மருந்து உதவுமா என்று நெதர்லாந்தில் கணிக்கிறார்கள். எந்தச் சுண்டெலியாலும் செய்ய முடியாத வேலை அது.

'விலங்கு இல்லாத முறை' என்று நாம் சொல்வதிலும் விலங்கு ஒளிந்திருக்கிறது, இதையும் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான செல்கள் வளர்வது, கர்ப்பிணிப் பசு வெட்டப்படும்போது அதன் கருவிலிருந்து எடுக்கும் இரத்தச் சீரத்தில். ஆர்கனாய்டு தாங்கிநிற்கும் கூழ், சுண்டெலியில் வளர்க்கும் ஒருவகைப் புற்றுக்கட்டியிலிருந்து வருகிறது. பாக்டீரியாவை வைத்து மரபணுக் கேட்டைக் கண்டுபிடிக்கும் ஏம்ஸ் சோதனையில்கூட எலிக் கல்லீரல் சாறு சேர்கிறது. ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறது, மாறுகிறவர்கள்தான் குறைவு.

கணினி மாதிரிகளில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நீரிழிவிலிருந்து வருகிறது. வர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் வகை நீரிழிவு நோயாளிகளின் கணினி உருவங்களைச் செய்தன. தானாக இன்சுலின் செலுத்தும் கருவியின் கட்டுப்பாட்டு முறையை மனிதரில் சோதிக்கும் முன், விலங்குகளுக்குப் பதிலாக இந்த உருவங்களில் சோதித்தால் போதும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2008இல் ஏற்றது. இதயத் துடிப்பிலும் இப்படியே. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று 62 மருந்துகளைக் கணினி இதயச் செல்களில் ஓட்டி, ஆபத்தான துடிப்புக் கோளாறை 89 சதவீதம் சரியாகக் கணித்தது. ஒப்பிட்ட விலங்குச் சோதனையின் துல்லியம் 75 சதவீதம். இந்த இரண்டும் ஏன் வென்றன என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரையும் இதய மின்னோட்டமும் பல பத்தாண்டுகளாகச் சமன்பாடுகளில் எழுதப்பட்டவை. டெனிஸ் நோபிள் இதயச் செல்லின் முதல் மாதிரியை 1960லேயே வெளியிட்டார். நமக்கு நன்றாகப் புரிந்த உறுப்பைத்தான் கணினியும் நன்றாக நடித்துக்காட்டும். செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். அதற்குப் பாடமாகக் கொடுத்த தரவில் இல்லாத விஷத்தை அது எங்கிருந்து கற்கும்? அந்தப் பாடத்தில் பெரும்பகுதி பழைய விலங்குத் தரவுதான்.

இங்கேதான் கடினமான இடத்துக்கு வருகிறோம். சில்லும் தட்டும் கணினியும் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கல்லீரல் சில்லிடம் கல்லீரலைக் கேட்கலாம். அந்த மருந்து இரத்த அழுத்தத்தை இறக்கி, அதனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்து, அதனால் வேறொன்று கெடுவதை அது சொல்லாது. நான் எலிகளோடு இருந்த காலத்தில் ஒரு பொருளைக் கல்லீரலுக்காகவே கவனித்துக்கொண்டிருந்தோம். கல்லீரல் நன்றாகவே இருந்தது. எலிகளின் நடைதான் மாறியது, பின்னங்கால்கள் தடுமாறின. யாரும் நரம்பைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. முழு உடல் ஒன்று இருந்ததால், கேட்காத கேள்விக்கும் பதில் வந்தது. இன்றைய மாற்று வழிகள் எதற்கும் இந்தத் திறமை முழுமையாக இல்லை. பல உறுப்புச் சில்லுகளைக் குழாயால் இணைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வாரக்கணக்கில் ஓடுபவை. ஹார்மோன் சுழற்சி, நரம்பு, முதுமை, வலி, நினைவு எல்லாம் அவற்றுக்கு வெளியே நிற்கின்றன. முழு உடலிலும் குறை உண்டு என்பதை ஃபயலூரிடின் காட்டியது. நான்கு வகை விலங்குகள் இருந்தும் அந்தக் கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை. எனவே விலங்கு நம்பகமான காவலாளி என்று நான் சொல்லவில்லை. இருக்கும் காவலாளிகளில் எல்லாப் பக்கமும் கொஞ்சமாவது பார்க்கிற ஒன்று அதுதான் என்கிறேன்.

கருவில் இருக்கும் குழந்தை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தாலிடோமைடால் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தன. விற்பதற்கு முன் கர்ப்பிணி விலங்குகளில் அதைச் சரியாகச் சோதிக்கவில்லை. பிறகு சோதித்தபோது எலியும் சுண்டெலியும் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன, சில முயல் இனங்களும் குரங்குகளும் பாதிக்கப்பட்டன. மருந்து ஒட்டும் செரிப்ளான் என்ற புரதம் சுண்டெலியில் சற்றே வேறுபட்டிருப்பது ஒரு காரணம். மனித ஸ்டெம் செல்லை வைத்து இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே காட்டும் சோதனைகள் இன்று இருக்கின்றன, அவை முதல் வடிகட்டியாக நன்றாகப் பயன்படுகின்றன. ஆனால் ஒன்பது மாதத்தில் ஒரு கரு எந்த நாளில் எதை உருவாக்குகிறது, நஞ்சுக்கொடி எதை உள்ளே விடுகிறது என்ற முழு நாடகத்தையும் தட்டில் நடத்த நமக்கு இன்னும் தெரியாது. இந்தக் கேள்வியில் விலங்கை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் நிற்கப்போவது ஒரு கர்ப்பிணிப் பெண்.

நிஜமாகவே சந்தேகத்தில் இருக்கும் விஷயங்களும் உண்டு. நோயைப் புரிந்துகொள்ளச் சுண்டெலி எவ்வளவு உதவுகிறது என்பது அதில் பெரியது. ஐரோப்பியக் கணக்குகளில், மருந்துப் பாதுகாப்புச் சோதனையைவிட அடிப்படை ஆய்வுக்கும் நோய் ஆய்வுக்கும்தான் அதிக விலங்குகள் போகின்றன. ஆகவே இது சின்ன விவாதம் கிடையாது. 2013இல் ஒரு குழு, கடும் அழற்சியில் சுண்டெலியின் மரபணுக்கள் மனிதனைப் போல நடந்துகொள்வதே இல்லை என்று எழுதியது. 2015இல் இன்னொரு குழு அதே தரவை வேறு விதமாக அலசி, மிக நன்றாக ஒத்துப்போகிறது என்று எழுதியது. தரவு ஒன்று, முடிவு நேர் எதிர். நான் முதல் குழுவின் பக்கம் சாய்கிறேன், ஆனால் அது தீர்ந்துபோன விஷயம் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

சட்டம் மாறிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வரியை நீக்கியது. மறு ஆண்டு இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளில் செல், சில்லு முறைகளுக்கு இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஆன்டிபாடி மருந்துகளிலிருந்து தொடங்கி விலங்குகளைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. ஆன்டிபாடியில் தொடங்கியது சரியான தேர்வு. பல ஆன்டிபாடிகள் மனிதப் புரதத்தை மட்டுமே பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை, குரங்கில் அவை சொல்வது குறைவு. ஆனால் கட்டாயத்தை நீக்குவது வேறு, தடை செய்வது வேறு. நிறுவனம் இன்றும் விலங்குத் தரவைக் கொடுக்கலாம், பெரும்பாலும் கொடுக்கிறது. கோப்பைப் படிக்கும் அதிகாரி எலிக் கல்லீரலின் படத்தைப் பார்த்தால் என்ன முடிவு எடுப்பது என்று பல ஆண்டு அனுபவத்தில் அறிந்திருக்கிறார். சில்லின் வரைபடத்துக்கு அந்த அனுபவம் இன்னும் சேரவில்லை. ஆய்விதழ்களில் மனிதச் செல்லில் செய்த வேலையை அனுப்பினால், 'சுண்டெலியிலும் காட்டுங்கள்' என்று மதிப்பீட்டாளர் கேட்பது எனக்கே நடந்திருக்கிறது. இதைவிட என்னைக் கோபப்படுத்துவது, மாற்று முறையை எலியின் முடிவோடு ஒத்துப்போகிறதா என்று அளப்பது. எலி தவறிய இடத்தில் சரியாகச் சொல்லும் சோதனை, அந்த அளவுகோலில் தோற்றுவிடும். அளக்க வேண்டியது மனிதருக்கு என்ன நடந்தது என்பதோடு.

அப்படியானால் நாளைக்கே நிறுத்தினால்? குறுகிய கேள்விகளில் ஒன்றும் ஆகாது, இன்றே நிறுத்தலாம். ஏற்கப்பட்ட மாற்று இருந்தும் நடக்கும் முயல், சுண்டெலிச் சோதனைகள், ஆன்டிபாடி தயாரிக்க விலங்குகளைப் பயன்படுத்துவது, மருந்து ஒட்டவே ஒட்டாத இனத்தில் அதைச் சோதிப்பது எல்லாம் இதில் அடங்கும். நீண்ட நாள் மருந்துகள், கர்ப்பகாலம், மூளை, முற்றிலும் புதிய வகை மூலக்கூறுகள் ஆகியவற்றில் நாளைக்கே நிறுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். புதிய மருந்துகள் நின்றுபோகும், அல்லது முதல் தன்னார்வலர்கள் அந்த ஆபத்தைத் தங்கள் உடலில் சுமப்பார்கள். எந்த ஆண்டில் இது முழுதாக மாறும் என்று தேதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அதுவரை விலங்கு இருக்கும் இடத்தில் எண்ணிக்கையையும் வேதனையையும் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959லேயே மாற்று, குறைப்பு, மேம்பாடு என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். நான் வேலை கற்றுக்கொண்டபோது சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் தூக்கினேன். 2010இல் ஹர்ஸ்டும் வெஸ்டும் செய்த ஆய்வில், வாலைப் பிடிப்பதைவிட ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ தூக்கினால் சுண்டெலியின் பயம் வெகுவாகக் குறைவது தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டும். பயந்த விலங்கின் தரவும் கெட்டுத்தான் போயிருக்கும். நான் வாலில் தூக்கிய ஆயிரக்கணக்கான எலிகளையும் சுண்டெலிகளையும் நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

கடைசிக் கேள்விக்கு: ஆம், விலங்கைத் தொடாமலே இந்தத் துறையில் முழுநேரமாக வேலை செய்யலாம், என் குழுவில் இளையவர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். செல் வளர்ப்பும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள். மருந்து உடலுக்குள் எப்படிப் பரவி வெளியேறுகிறது என்ற கணக்கையும் விடாதீர்கள், அது இல்லாமல் சில்லில் கொடுக்கும் அளவுக்கு அர்த்தம் கிடையாது. நோய்க்குறியியலும் கொஞ்சம் படியுங்கள். கெட்டுப்போன கல்லீரல் எப்படி இருக்கும் என்று அறியாதவரால் சில்லில் அதை அடையாளம் காண முடியாது. ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், செல்லுக்கு என்ன சீரம் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். மாட்டுக் கருவின் சீரம் என்று சொன்னால், மனித இரத்தத் தட்டணுக்களிலிருந்து எடுக்கும் சாறில் அதே செல் வளர்கிறதா என்று ஒரே ஒரு தட்டில் முயன்று பார்க்க அனுமதி கேளுங்கள். பல செல் வகைகள் அதில் நன்றாகவே வளர்கின்றன.